கல்கிசை மணலில் பத்து நிமிடம்

முதல் நாள்: அப்புத்தளையிலிருந்து வெள்ளவத்தை

காலை ஐந்தரைக்கு அப்புத்தளையில் 99ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். பதுளையிலிருந்து வரும்போதே நிறைந்து வந்தது. பெரகலைச் சந்தியில் கொழும்பு வீதி ஒரு பக்கமும் வெல்லவாய வீதி மறுபக்கமும் பிரியும். வெல்லவாய வீதியில் இறங்கினால் கொஸ்லாந்தை. அங்கே மீரியபெத்தை. இந்தச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பக்கம்தான் போகும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தின் லயன்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, மலை சரிந்து மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இல்லை, பலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஓடிய ஆட்களில் நானும் ஒருவன். கையில் மண்வெட்டி இருந்தது, உடம்பில் பலம் இருந்தது. எங்கே வெட்டுவது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. லயன் எங்கே இருந்தது என்று காட்டக்கூட ஓர் அடையாளம் மிஞ்சவில்லை. சேற்றின் மேல் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் காலை இன்னும் எனக்குள் இருக்கிறது. இந்தக் கொழும்புப் பயணத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதால்தான் முதலில் எழுதுகிறேன்.

நான் மலைநடை வழிகாட்டி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை லிப்டன் சீட்டுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் சிவனொளிபாதமலைக்கும் கூட்டிப்போவது தொழில். போன வருடம் என்னோடு மலை ஏறியவர்களில் ஒருவர், சுவிஸில் கூர் நகரத்தில் நீண்ட காலமாக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுகிறேன். குளிர்காலத்தில் மலையில் நடப்பது அவருக்குப் பெரிய விருப்பம். “மாசியில வாரும் தம்பி, டிக்கெட் என்ர பொறுப்பு” என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பனிச்சரிவு வந்து தன்னை மூடினால் தேடி எடுக்க எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் குறித்த பாதையை விட்டு ஓர் அடியும் வைக்க விடமாட்டாராம்.

இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார். ஒரு கிழமைக்குள் எனக்கும் அவருடைய அக்கா மகளுக்கும் பழக்கிவிடுவதாகச் சொல்லி வரச் சொன்னார்.

பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி என்று இறங்கி இறங்கி, வெயில் ஏறி, பிற்பகலில் கொழும்பு. காலி வீதியில் பஸ் மாறி வெள்ளவத்தையில் இறங்கினால் கடல் வாசமும் மல்லிகைச் சரமும் வாகனப் புகையும் ஒன்றாக முகத்தில் அடிக்கின்றன. அம்மா கதவைத் திறந்ததும் “தம்பி, முகத்தைக் கழுவிப்போட்டு முதல்ல சாப்பிடுங்கோ” என்றார். இராசவள்ளிக் கிழங்குக் களியும் வைத்திருந்தார்.

சாப்பிட்ட பிறகு அண்ணா பையைத் திறந்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதான மூன்று கருவிகள், பனிக்குள் குத்தித் தேட மடக்கி வைத்த இரண்டு தேடுகம்பிகள், பனியை வாரப் பிடி கழற்றக்கூடிய இரண்டு அலுமினியச் சவள்கள். கருவியைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று பேசிப் பார்த்து, கடைசியில் பீக்கன் என்றே வைத்துக்கொண்டோம். நடக்கும்போது எல்லோருடைய உடம்பிலும் அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். எந்தக் கம்பனி செய்தாலும் அலைவரிசை ஒன்றுதான், 457 கிலோஹேர்ட்ஸ். அதனால் சுவிஸ்காரர் அணிந்ததை ஜப்பான்காரர் தேடலாம்.

வீட்டுக்குள்ளேயே ஒன்றைச் சோபாவுக்குக் கீழே வைத்துத் தேடிப் பார்த்தேன். எண்கள் தாறுமாறாக ஓடின. மின்குமிழ், தொலைக்காட்சி, லிஃப்ட் எல்லாம் குழப்பும் என்றார் அண்ணா. நாளை விடியற்காலை காலிமுகத்திடல்.

இரண்டாம் நாள்: காலிமுகத்திடல்

ஐந்தரை மணிக்கே போய்விட்டோம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கட்டி முடித்த இந்தக் கடலோர நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பேண வேண்டும் என்று தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்ட கல்வெட்டு இங்கே இருக்கிறது. அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள் சிலரைத் தவிர யாரும் இல்லை. இறால் வடை வண்டிகள் மூடிக் கிடந்தன. தடையில்லாத இவ்வளவு பெரிய புல்வெளி கொழும்பில் வேறு எங்கே கிடைக்கும்?

தொடங்குமுன் சோதனை. அண்ணா தன் பீக்கனைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் பிள்ளையும் (அக்கா மகளை அண்ணா அப்படித்தான் கூப்பிடுகிறார், பதினாறு வயது, கணிதப் பிரிவு) இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடந்தோம். இருவருடையதும் அனுப்புகிறதா என்று உறுதி செய்தார். சுவிஸில் பத்தாவது தடவை போனாலும் புறப்படும் இடத்தில் இதைச் செய்யாமல் யாரும் நகரக்கூடாதாம். காலையில் அவசரத்தில் போட மறந்த கருவி மாலையில் யாரையும் காட்டாது.

பிறகு அண்ணா ஒரு பீக்கனைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, எங்களைக் கடல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, எங்கேயோ ஒளித்து வைத்தார்.

தேடல் கட்டம் கட்டமாக நடக்கிறது. முதலில் சமிக்ஞையே இல்லை. பனி ஓடி நின்ற பரப்பு முழுவதையும் வளைந்து வளைந்து நடந்து கடக்க வேண்டும். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் 40 மீட்டர், ஓரத்திலிருந்து 20 மீட்டர். இதைவிட அகலமாகப் போனால் இடையில் ஆள் தவறிவிடலாம். கண்ணையும் காதையும் கருவிக்குள் தொலைத்துவிடக் கூடாது. மேலே ஒரு கையுறையோ தடியோ தெரியலாம், ஆளின் கையே தெரியலாம். கடைசியாக அவரை எந்த இடத்தில் பார்த்தோம் என்பதையும் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கீழேதான் தேடல்.

நான் நடக்கத் தொடங்கியதும் திரையில் 38 வந்தது. அடுத்த அடியில் 22. பிறகு 41. அம்பு இடம் வலம் என்று ஆடியது. நெஞ்சு படபடத்தது. அண்ணா ஓடி வந்து என் சட்டைப் பையைத் தொட்டார். கைத்தொலைபேசி. தேடும்போது தொலைபேசி, கைக்கடிகாரம், மின்கலம் போட்ட எதுவானாலும் பீக்கனிலிருந்து 50 சென்ரிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அனுப்பும் நிலையிலும் 20 சென்ரிமீட்டர். பனி மலையில் என்றால் அந்த ஒரு தொலைபேசிக்காக ஒரு நிமிடத்தைக் கொடுத்திருப்பேன். அதைப் பிள்ளையின் பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

இப்போது எண் ஒழுங்காகக் குறைந்தது. ஆனால் அம்பு நேராகக் காட்டவில்லை. என்னைப் பெரிய வளைவில் கூட்டிப்போனது. தவறோ என்று நின்றேன்.

“நிக்காதேயும். அது வளைஞ்சுதான் போகும். அதுக்குப் பின்னால போம்.”

காரணத்தைப் பிள்ளைதான் எனக்கு விளக்கினாள். பாடசாலையில் காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூள் தூவுவார்களே, அந்தக் கோடுகள் ஒரு முனையிலிருந்து வளைந்து மறுமுனைக்குப் போகும். பீக்கனைச் சுற்றியும் அதே மாதிரிக் காந்தப்புலம். கருவி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடத்துகிறது, எண் காட்டுவதும் அந்தக் கோட்டின் வழியான தூரம்தான்.

பத்து மீட்டர் வரை ஓடலாம். அதற்குள் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்று மீட்டரில் முழங்காலில் இறங்கி, கருவியை நிலத்தோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் சிலுவை போல நகர்த்த வேண்டும். திருப்பினால் எண் மாறி ஏமாற்றும். மிகக் குறைந்த எண் எங்கே வருகிறதோ அங்கே கம்பி. எனக்கு 0.4 வந்த இடத்தில் புல்லுக்கு மேலே ஒரு பழைய பத்திரிகைத் தாள், அதற்குள் பெட்டி.

எட்டுத் தடவை தேடினேன். முதல் தடவை ஆறு நிமிடம், எட்டாவது இரண்டரை. நடுவில் ஒரு பொலிஸ்காரர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். பிள்ளை சிங்களத்தில் பனி, மலை, சுவிஸ் என்று எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கருவியைக் கையில் வாங்கிப் பத்து அடி நடந்தும் பார்த்தார்.

ஏழு மணிக்குச் சூடு தாங்கவில்லை. நன்னாரித் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாம் நாள்: மழை, வீட்டுக்குள்

காலையில் புறக்கோட்டைக்குப் போய் வந்தோம். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நீளமான இரும்புக் கம்பியும் இன்னொரு சவளும் வாங்கினோம். அண்ணாவின் தேடுகம்பி பனிக்குச் செய்தது, மணலில் குத்தினால் வளைந்துவிடும். திரும்பும்போது பிடித்த மழை இரவு வரை விடவில்லை.

எனவே பாடம் சமையலறை மேசையில். அம்மாவிடம் ஒரு தட்டு வாங்கி, அண்ணா அதில் சீனியைப் பரவினார். அதன் மேல் குழைத்த அரிசி மாவைத் தட்டையாக்கி ஒரு பலகை மாதிரிப் போட்டார். தட்டை மெல்லச் சாய்த்தார். மா அசையவில்லை. கரண்டி நுனியால் மாவைத் தொட்டார். மாப்பலகை முழுவதும் வெடித்து, அப்படியே வழுக்கி மேசையில் விழுந்தது.

ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவில் பெரும்பாலானவை இந்த விதம். பழைய பனிக்குள் சீனி போல ஒட்டாத மணிகளாக ஒரு படை உண்டாகும். அதன் மேல் காற்று கொண்டுவந்த பனி இறுகிப் பலகையாகும். ஒருவர் அதன் மேல் கால் வைக்கும்போது உள்ளே இருக்கும் பலமற்ற படை உடையும், உடைவு கண் இமைக்கும் நேரத்தில் பரவும். காலடியில் “வூம்” என்று ஒரு அமுங்கிய சத்தம் கேட்டாலோ, பனியில் வெடிப்பு ஓடினாலோ அந்த இடத்தை விட்டு விலக வேண்டும். மலையில் பொழுதுபோக்காகப் போகிறவர்களின் விபத்துகளில் பத்தில் ஒன்பதில் சரிவைத் தொடக்கியது அவர்களேதான், அல்லது அவர்களோடு வந்தவர்.

சாய்வு 30 பாகைக்கு மேல் இருந்தால் ஆபத்து, 35க்கும் 45க்கும் இடையில் மிக அதிகம். கைத்தொலைபேசியில் இருக்கும் சாய்வுமானியால் எங்கள் தோட்டத்து மலைகளை ஒருமுறை அளந்திருக்கிறேன். கொழுந்து எடுக்கிற பெண்கள் நாள் முழுவதும் நிற்கும் சரிவுகள் பல அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. என் கால் அந்தச் சாய்வைப் பார்த்தால் இது நடக்கிற இடம்தான் என்று சொல்லும். அந்தப் பழக்கம்தான் சுவிஸில் என்னை ஆபத்தில் மாட்டிவிடக்கூடியது என்று இன்று புரிந்தது. இதை அண்ணாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “இதை நான் யோசிக்கேல்ல தம்பி” என்றார்.

டாவோஸில் இருக்கும் பனி மற்றும் பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் ஒவ்வொரு மாலையும் ஐந்து மணிக்கு அறிக்கை விடுகிறது, காலை எட்டுக்குத் திருத்துகிறது. ஆபத்துக்கு ஐந்து நிலைகள். அதிகம் பேர் சாவது மூன்றாம் நிலையில் என்றார். நான்கும் ஐந்தும் என்றால் எவரும் வீட்டில் இருப்பார்கள், மூன்றில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்புவார்கள். எங்கள் நாட்டிலும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. கொழும்பில் இருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனம், 100 என்றால் தயாராக இருக்க வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். இந்தப் பீக்கன் மீரியபெத்தையில் இருந்திருந்தால்?

அண்ணா நேராகப் பதில் சொன்னார். பனிக்குள் காற்று இருக்கிறது, வாய்க்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தால் ஆள் சில நிமிடம் மூச்சு விடுவார். சேற்றுக்குள் அது அனேகமாக இல்லை. வீட்டுக்குள் நித்திரை கொள்கிறவர் பீக்கன் கட்டிக்கொண்டு படுக்கவும் மாட்டார். அங்கே மழையை அளந்து முன்கூட்டியே ஆட்களை இறக்குவதுதான் வழி. அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னதற்காக அவர் மேல் மதிப்பு கூடியது.

பனிக்குள் எத்தனை நிமிடம் என்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். 1994இல் வந்த ஓர் ஆய்வு, 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் 92 வீதம் பிழைத்ததாகவும் 35 நிமிடத்தில் அது 30 வீதமாக விழுந்ததாகவும் சொன்னது. 2024இல் சுவிஸ் விபத்துகளை மறுபடி பார்த்தபோது அந்த 15 நிமிடம் 10 ஆகச் சுருங்கியது. பத்து நிமிடத்துக்குப் பிறகு கோடு சுவர் போல இறங்குகிறது. வெளிவிடும் மூச்சே வாய்க்கு முன்னால் பனியை உருக்கி உறையவைத்து ஐஸ் மூடியாக்கும், காற்றுப் புகாது. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைவாகப் பறந்தாலும் பத்து நிமிடத்துக்குள் மலைக்கு வருவது அரிது. பக்கத்தில் நிற்பவர்தான் எடுக்க வேண்டும்.

சியாச்சினில் 2016 பெப்ரவரியில் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் படைப்பிரிவு வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்ததைப் பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆறு நாளைக்குப் பிறகு ஒருவர் உயிரோடு எடுக்கப்பட்டார், சில நாளில் அவரும் போய்விட்டார். அன்று எங்கள் தோட்டத்தில்கூட அவருக்காக விளக்கு ஏற்றினோம்.

அம்மா மிக்சர் டப்பாவோடு வந்து உட்கார்ந்தார். காற்றுப்பை பொருத்திய முதுகுப்பையைப் பற்றிச் சொல்ல அண்ணாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது. டப்பாவைக் குலுக்கினால் பெரிய கச்சான்கள் மேலே வரும், தூள் கீழே போகும். ஓடும் பனியிலும் அளவில் பெரியது மேலே வரும். பையை ஊதினால் ஆள் பெரிதாகிறார். புதையாமல் இருக்க அது உதவும், பாறையில் மோதுவதை அது தடுக்காது.

நான்காம் நாள்: மொரட்டுவை மரத்தூள்

101ஆம் இலக்க பஸ். மொரட்டுவை தச்சர்களின் ஊர். அண்ணாவின் பள்ளித் தோழர் ஒருவருக்குத் தெரிந்த மர ஆலையின் பின்பக்கம் மரத்தூள் மலையாகக் குவிந்திருக்கிறது. முகக்கவசம் கட்டிக்கொண்டு இறங்கினோம்.

ஒரு சாக்கில் தும்பை அடைத்து, அதைத் தூளுக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் அண்ணா புதைத்தார். பனிச்சரிவில் முழுவதும் புதைந்தவர்கள் சராசரியாக இருப்பது கிட்டத்தட்ட இந்த ஆழம்தான்.

தேடுகம்பியை எறிந்தால் உள்ளே ஓடும் கயிறு துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டிவிடும். கீழே எறிந்து, கயிற்றை இழுத்து, முடிச்சை மாட்ட எனக்கு முதலில் நாற்பது விநாடி பிடித்தது, கடைசியில் பன்னிரண்டு. கம்பியை நேர் கீழ்நோக்கி அல்ல, சரிவின் பரப்புக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். முதல் குத்து பீக்கன் காட்டிய இடத்தில். கிடைக்காவிட்டால் அங்கிருந்து நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி, 25 சென்ரிமீட்டருக்கு ஒரு குத்து.

கம்பி வழியாகக் கைக்கு வரும் உணர்வைப் பற்றி நாள் முழுவதும் எழுதலாம். தரையில் பட்டால் ‘டக்’ என்று நிற்கும். மரக்கட்டையில் பட்டால் கம்பி அதிரும். தும்புச் சாக்கில் பட்டபோது அது மெத்தென்று நின்று, ஒரு சிறு உந்துதலைக் கைக்குத் திருப்பித் தந்தது. உடம்பும் இப்படித்தான் இருக்கும் என்று அண்ணா சொன்னபோது என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு முப்பது தடவையாவது குத்தியிருப்பேன், அந்த வித்தியாசம் கைக்குப் பழகும் வரை.

ஆள் பட்டால் கம்பியை எடுக்கவே கூடாது. அப்படியே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். எடுத்துவிட்டால் மறுபடி அந்த இடம் கிடைக்காது. இதைக் கேட்டபோது மீரியபெத்தைச் சேற்றின் மேல் நின்ற எங்களுக்கு ஒரு கம்பி நட்டிருந்தால் போதுமே என்று தோன்றியது. சேறு வேறு, பனி வேறு என்று நேற்றுத்தான் கேட்டேன். இருந்தும் தோன்றியது.

தோண்டுவதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் வந்தேன். மண்வெட்டி பிடித்து வளர்ந்தவன். இன்று என் முறையை முழுவதும் மாற்றிக்கொண்டேன். நான் கம்பிக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டுவது போலக் கீழே தோண்டினேன். குழி ஆழமாக ஆகத் தூளை மேலே தூக்கி எறிய வேண்டியிருந்தது, என் எடை முழுவதும் புதைந்தவரின் மேல். சரியான முறை: சரிவில் கம்பிக்குக் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தின் ஒன்றிலிருந்து ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, அவரை நோக்கி உள்ளே வெட்டிப் போவது. தூக்காமல் துடுப்புப் போடுவது போல இரு பக்கமும் பின்னால் தள்ள வேண்டும். ஒருவர் முன்னால் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் அதை மேலும் பின்னால் வாரிவிடுவார்கள். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் முன்னால் நிற்பவர் சோர மாட்டார். சொன்னால் இரண்டு வரி. செய்யும்போது மூவரும் ஒரே தாளத்துக்கு வர மாலை ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள்: கல்கிசை

மரத்தூள் இலேசாக இருந்ததால் நேற்று என் கை பொய் சொல்லியிருக்கும் என்று அண்ணா எச்சரித்தார். ஓடி நின்ற பனி சீமெந்து போல இறுகிவிடும். ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ. ஈர மணல் அதைவிட நான்கு மடங்கு பாரம். எனவே இன்று மணல், அரை மீட்டர் ஆழம் போதும்.

தன்னையே கழுத்து வரை புதைக்கலாமா என்று பிள்ளை கேட்டாள். அண்ணா உடனே மறுத்தார். மணல் குழி எச்சரிக்கை இல்லாமல் இடிந்து விழும், நெஞ்சை அழுத்தினால் மூச்சு விட முடியாது. ஆளைப் புதைத்துப் பழகுவது எங்கேயும் செய்யக்கூடாத காரியம் என்று கண்டிப்பாகச் சொன்னார். தும்புச் சாக்குக்குள் பெட்டி, பெட்டிக்குள் பீக்கன். அலை வராத மேட்டு மணலில் புதைத்து, மேலே கால்தடம் தெரியாமல் துடைப்பத்தால் இழுத்தும் விட்டார். நாங்கள் 60 மீட்டர் தள்ளித் தண்டவாளப் பக்கம் பார்த்து நின்றோம். மணிக்கூடு ஓடத் தொடங்கியது.

முதல் தடவை 19 நிமிடம். தேட நான்கு, கம்பிக்கு இரண்டு, தோண்டப் பதின்மூன்று. கருவியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நேரத்தை விழுங்குவது சவள் வேலை. பிளாஸ்டிக் சவளோடு, அல்லது சவளே இல்லாமல் மலைக்கு வருகிறவர்களோடு தான் போவதில்லை என்று அண்ணா சொன்னதன் காரணம் என் தோள்பட்டைக்கு விளங்கியது.

இரண்டாவது தடவை நாங்கள் மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தபோது உயிர்காப்பாளர் ஒருவர் ஓடி வந்தார். தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, பிள்ளை ஒன்று மணலுக்குள் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் மணலை வாரத் தொடங்கினார். பிள்ளை கத்தி அவரை நிறுத்தி விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மூவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். முதலிலேயே அறிவித்திருக்க வேண்டும், அது எங்கள் தவறு. அவர் கோபப்படவில்லை. நகத்துக்குள் மணலோடு எழுந்து நின்று, உள்ளே யாரும் இல்லைத்தானே என்று இன்னொரு முறை கேட்டார். அந்த மனிதரின் முகம் எனக்கு மறக்காது.

அவரும் எங்களோடு கொஞ்ச நேரம் இருந்தார். ஆளை எடுத்த பிறகு செய்ய வேண்டியதை அண்ணா சாக்கை வைத்துக் காட்டியபோது இருவரும் பேசிக்கொண்டார்கள், பிள்ளை மொழிபெயர்த்தாள். முதலில் முகம். முழு உடம்பையும் எடுக்கும் வரை காத்திருக்காமல், வாய்க்குள் பனி இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்து, நெஞ்சின் மேலிருக்கும் பாரத்தை நீக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் முதலில் ஐந்து தடவை மூச்சு ஊதி, பிறகு நெஞ்சு அழுத்தம். தண்ணீரில் மூழ்கியவர்களுக்குத் தாங்களும் மூச்சு ஊதித்தான் தொடங்குகிறோம் என்றார் அவர். இரண்டிலும் ஆள் போவது காற்று இல்லாமல். நீண்ட நேரம் குளிரில் கிடந்தவரை மட்டும் மிக மெதுவாக அசைக்க வேண்டும், குளிர்ந்த இதயம் சின்னக் குலுக்கலிலும் தாளம் தவறும். உதவிக்கு ஆட்கள் இருந்தால் ஒருவர் தொடக்கத்திலேயே அழைப்பு எடுக்க வேண்டும், சுவிஸில் ஹெலிகாப்டருக்கு 1414. எங்கள் அம்புலன்ஸ் இலக்கம் 1990.

மூன்றாவது 14 நிமிடம். நான்காவதில் பிள்ளையே பீக்கன் பிடித்தாள், 12. ஐந்தாவது, வெயில் சாய்ந்த பிறகு, 11 நிமிடம் 40 விநாடி. பத்துக்குள் வரவில்லை. மணல் பாரம், மலையில் இதைவிடக் குறையும் என்று பிள்ளை ஆறுதல் சொன்னாள். மலையில் ஒரு மீட்டர் ஆழம், கால் வழுக்கும், கை விறைக்கும் என்றார் அண்ணா. நான் அவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

குழிகளை எல்லாம் மூடி மிதித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஆறாம் நாள்: திரும்பி

காலையில் அம்மா புட்டும் சம்பலும் கட்டித் தந்தார். அண்ணா தன் பழைய பீக்கன்கள் இரண்டையும் என் பையில் வைத்தார். இரண்டு இருந்தால்தான் ஒன்றை ஒளித்து மற்றதால் தேடலாம். பயிற்சி முடிந்ததும் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே இருந்து கசிந்தால் கருவி போய்விடும். மாசி வரை கிழமைக்கு மூன்று நாள் பழகுவதாக வாக்குக் கொடுத்தேன். “பத்துக்குள்ள வாரும்” என்றார், பஸ் நகரும்போது.

பெரகலைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. கொஸ்லாந்தைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நாளைக்குத் தோட்டத்துப் பாடசாலை அதிபரைப் பார்த்து, மழைமானி வைக்க இடம் கேட்கப் போகிறேன். அதற்கு முன், காலையில், தங்கச்சி மகன் ஒரு பீக்கனைத் தேயிலைச் செடிகளுக்குள் ஒளித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.